இருபத்தாறு அனுமதிகள்

மூன்றாவது தடவையும் போய்விட்டது. சென்னியப்பன் இரண்டு கைகளையும் லேப்டாப்பிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், தொட்டால் இன்னும் ஏதாவது போய்விடும் என்கிற பயத்தில். மறைந்தவர் பெயர், துளசிமணி. வயது, ஐம்பத்தெட்டு. மறைந்த நாள், புகைப்படம், விளம்பர வாசகம் நாற்பது சொற்களுக்கு மிகாமல். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்து, படத்தை ஏற்றி, வலது பக்கம் கீழே இருக்கும் ‘அனுப்பு’ பொத்தானுக்கு அம்புக்குறியைக் கொண்டுபோகிற நேரம் பார்த்து ‘டிக்’கென்று ஒரு சத்தம் கேட்கும், அந்த மூலையிலேயே ஒரு பெட்டி எழும்பி வந்து பொத்தானின் மேல் உட்காரும். முதல் தடவை தொப்பை கரைய ஒரு பானம். இரண்டாம் தடவை உங்கள் கணினியில் ஒன்பது வைரஸ்கள். இப்போது, சொல்லவே நாக்கூசுகிறது, உங்கள் ஊரில் தனிமையில் வாடும் பெண்கள். பெண்டாட்டியின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு உட்கார்ந்தவர் விரல் போயும் போயும் அந்தப் பெண்கள் மேல் பட்டு, வேறு பக்கம் திறந்து, திரும்பி வந்தால் படிவம் துடைத்துவிட்ட மாதிரி வெறுமையாக இருந்தது. மறைந்தவர் பெயர் என்று மறுபடியும் முதலிலிருந்து கேட்டது. எத்தனை தடவைதான் சொல்வது. மின்வாரியத்தில் முப்பத்து நாலு வருஷம், லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர், ஈரோட்டில் பாதி ஊருக்கு வெளிச்சம் கொடுத்த கை இது, ஒரு பொத்தானை அழுத்த வக்கில்லாமல் மடியில் கிடக்கிறது. மணி பத்தே கால். பன்னிரண்டுக்குள் அனுப்பினால்தான் வெள்ளிக்கிழமைப் பேப்பரில் வரும் என்று பத்திரிகை ஆபீஸில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

வேறு வழியில்லாமல் புனேயில் இருக்கும் மகள் கௌசல்யாவைக் கூப்பிட்டார். ஒரே மகள், வியாழக்கிழமை வருகிறாள், அதுவரைக்கும் அவளைத் தொந்தரவு செய்யக் கூடாதென்றுதான் நினைத்திருந்தார். “அப்பா, அதெல்லாம் நோட்டிஃபிகேஷனுங்ப்பா. எந்தெந்த சைட்டுக்கோ அனுமதி கொடுத்து வெச்சிருக்கும், அதான் வருது. மேல வலது மூலைல மூணு புள்ளி இருக்குதுங்களா? அதை அமுக்குங்க. செட்டிங்ஸ் போங்க.” போனார். பக்கத்தைத் தேடி, வரியைத் தேடி, எழுத்துக்கூட்டி, அவள் சொல்லச் சொல்லப் போய்க்கொண்டே இருந்தார். “அங்க ஒரு பட்டியல் வரும், எல்லாம் அனுமதி கொடுத்த சைட்டுங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல மூணு புள்ளி, அதுல ரிமூவ்னு இருக்கும், அமுக்குனாப் போயிரும். எனக்கு இப்ப மீட்டிங், அரை மணி நேரத்துல கூப்பிடறனுங்ப்பா. அப்புறம், நா அனுப்புன வாசகம் போட்டீங்களா?” போட்டேன், போட்டேன், மூன்று தடவை போட்டேன் என்றார். நோய் இன்னதென்று அறியாமலே நிம்மதியாய்க் கண்மூடிய எங்கள் அன்னையே. கௌசல்யா ஒரு வாரம் உட்கார்ந்து எழுதியது. மூன்று தடவை அடித்ததில் அவருக்கு அது மனப்பாடமாகிவிட்டது, விரல்கூட அறியாமலே என்ற சொல்லுக்குத் தானாகப் போகிறது. நல்ல வரி. துளசிமணி நோயில் கிடந்த அந்த ஒரு வருஷத்தில் அப்பனும் மகளும் செய்ததில் உருப்படியான காரியம் அது ஒன்றுதான், இன்ன நோயென்று அவளுக்குத் தெரியாமல் காப்பாற்றியது. மற்றபடி எதைத்தான் காப்பாற்ற முடிந்தது.

பட்டியல் திறந்தது. அனுமதிக்கப்பட்டவை என்று ஆங்கிலத்தில் தலைப்பு, கீழே வரிசையாகப் பெயர்கள், எண்ணிப் பார்த்தால் இருபத்தாறு. அடேயப்பா, இருபத்தாறு பேருக்கு வாசலைத் திறந்துவிட்டிருக்கிறாள் துளசிமணி. அவளேதான், வேறு யார். வாசலில் யார் வந்து எதை நீட்டினாலும் துளசிமணிக்கு வேண்டாம் என்று சொல்ல வராது, ஊதுபத்தி, ஃபினாயில், கோயில் ரசீது, எல்லாவற்றுக்கும் சரிங்க. உயிரோடு இருக்கும்போதே இந்தப் பெட்டிகள் எழும்ப ஆரம்பித்துவிட்டன. ஒருநாள் அவர் கரண்ட் பில் பார்க்க உட்கார்ந்து இரண்டு பெட்டி அடுத்தடுத்து வந்ததும் கத்தினார், “கண்டதையும் அமுக்கி வெச்சிருக்கற, உனக்கெதுக்கு இதெல்லாம்?” அவள் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றாள், நைட்டி தோளில் நிற்காத அளவுக்கு மெலிந்திருந்தாள், அப்படியும் கத்தினார். “கோலம் பாத்தனுங்க. அது என்னமோ கேட்டுச்சு, சரின்னு அமுக்குனாத்தான் உள்ள உடும்போலன்னு அமுக்கிட்டனுங்க.” அவ்வளவுதான் சொன்னாள். பட்டியலில் முதல் பெயர் கோலம்தான். பாவம், பொய் சொல்லவில்லை. அதை நீக்கினார். ஒரு சத்தமும் இல்லாமல் போய்விட்டது, கீழே இருந்தவை ஒரு படி மேலே ஏறிக்கொண்டன. அடுத்தது சமையல். அடுத்தது சீரியல் கதை முன்கூட்டியே சொல்கிற ஒன்று. வேடிக்கையாகக்கூட இருந்தது. நாலாவதை எழுத்துக்கூட்டினார். பா, ன், கி. விரல் நின்றுவிட்டது. அந்தச் சொல்லை அவர் எங்கேயோ பார்த்திருக்கிறார்.

டாக்டர் ஒரு வெள்ளைத் தாளில் படம் போட்டுக் காட்டிய சொல் அது. பான்கிரியாஸ், கணையம், இங்கே இருக்கிறது, இவ்வளவு பரவியிருக்கிறது. துளசிமணி வெளியே பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேஷண்ட்டுக்குச் சொல்ல வேண்டும் என்றார் டாக்டர். சென்னியப்பன் எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பினார், அவ தாங்க மாட்டாளுங்க சார். கௌசல்யாவும் கூப்பினாள். மகளுக்குக் காது குத்தும்போது மயங்கி விழுந்தவள், கோழி அறுக்கிற கடைப் பக்கமே போகாதவள், தாங்க மாட்டாள், தாங்கவே மாட்டாள். வெளியே வந்து வயிற்றுப் புண் என்றார்கள். அல்சர்தான், ட்ரிப்ஸ் போட்டு மாத்திரை சாப்பிட்டால் ஆறிவிடும். “அவ்வளவுதானுங்களா” என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சரி, இந்த நாலாவது பெயர் இங்கே எப்படி வந்தது. கௌசல்யா பார்த்திருப்பாள். ஆனால் கௌசல்யா வந்தபோதெல்லாம் தன்னுடையதைத்தான் கொண்டுவந்தாள், இந்தப் பழசைத் தொட்டதே இல்லை. அவரே பார்த்திருப்பாரோ, பார்த்துவிட்டு மறந்துவிட்டாரோ. அவர் போனில்கூட அந்தச் சொல்லைத் தேடியதில்லை, பயம். துளசிமணி அல்சர் என்று தேடப்போய், அது இதைக் காட்டியிருக்கும். அப்படித்தான் இருக்கும், ஒன்று கேட்டால் பத்துக் காட்டுகிற பெட்டிதானே. அடுத்த பெயரைப் பார்த்தார். புற்றுநோய், நிலை நான்கு என்று ஆங்கிலத்தில். அதற்கடுத்ததில் இலவச மூலிகை ஆலோசனை, அந்த நோயின் பெயரோடு. அதற்கடுத்தது, எத்தனை மாதம் என்று ஒரு கேள்வியையே பெயராக வைத்திருந்த பக்கம். அதையும் அவள் சரி என்று அமுக்கித்தான் உள்ளே போயிருக்கிறாள்.

எப்போது தெரிந்திருக்கும். பட்டியலில் தேதி இல்லை. கடைசிக் கடைசியாக, அந்த இரண்டு வாரத்தில், படுத்த படுக்கையான பிறகு? அப்போது லேப்டாப்பைத் தூக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. ஆனாலும் அப்படியே இருக்கட்டும் என்று மனசு அதைப் பிடித்துக்கொண்டது. கடைசி இரண்டு வாரம்தான் தெரிந்தது, மற்ற பத்தரை மாதமும் தெரியாமல் நிம்மதியாகத்தான் இருந்தாள். அது போதும், அதுவும் ஒரு கணக்குதான். கீழே இறங்கினார். பத்து, பதினைந்து, இருபது, இருபத்தொன்று. அதில் ஒரு மாத்திரையின் பெயர் இருந்தது. மஞ்சள் மாத்திரை. மருந்துக்கடையில் அந்தப் பெயரைச் சொல்லும்போது பக்கத்தில் தெரிந்தவர் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் சொல்வார், அதை அவர் செத்தாலும் மறக்க மாட்டார். முதல் இருபத்தொரு நாள் மட்டும் கொடுத்தது. வாந்தி நிற்கவில்லை என்று டாக்டர் அதை நிறுத்திவிட்டு ரோஸ் மாத்திரைக்கு மாற்றினார், அதன்பிறகு மஞ்சள் மாத்திரை இந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. சென்னியப்பன் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தார், எழுத்து ஏதாவது மாறியிருக்கிறதா என்று. மாறவில்லை. முதல் இருபத்தொரு நாளிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பதினோரு மாதமும். சத்தமாக, யாருமில்லாத வீட்டில், “அடிப்பாவி” என்றார்.

பெயர் அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்றுதான் முதலில் புரியவில்லை. அவ்வளவு ஜாக்கிரதை. தினமும் அவள் குளிக்கப் போன நேரத்தில் பால்கனியில் நின்று மாத்திரைகளைப் பட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, சத்து மாத்திரை பாட்டிலில் போட்டுவைப்பார். பட்டையைக் கத்தரிக்கோலால் நாலாக வெட்டுவார், பெயர் முழுசாகத் தெரியாமல். வெட்டி நீல வாளியில் போட்டுவிடுவார். நீல வாளி. ஐயோ. நீல வாளி மக்காத குப்பை. காலை ஏழரைக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு மாநகராட்சி வண்டி வருவதற்குள் அவள் தரையில் பழைய பேப்பரை விரித்து வாளியைக் கவிழ்த்து, பால் கவரைக் கழுவி, பிளாஸ்டிக்கைத் தனியாக, தகட்டைத் தனியாக, மாத்திரைப் பட்டையைத் தனியாக எடுத்துவைப்பாள், கலந்து கொடுத்தால் வண்டியில வர்ற பொண்ணு கையால் பொறுக்க வேண்டியிருக்குமுங்க என்பாள். பதினைந்து வருஷமாகத் தினமும் செய்தது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு குப்பை வாளியைத் தூக்கியறியாத மனுஷனுக்கு, போட்டதோடு அது உலகத்தை விட்டே போய்விட்டதாக எண்ணம். வாளிக்குள் போட்டதை மறுநாள் காலை ஒருத்தி விரித்து உட்கார்ந்து பார்ப்பாள் என்று தோன்றவேயில்லை. ஒரு காலை அவர் பார்த்துமிருக்கிறார், இப்போது ஞாபகம் வருகிறது, வராமலே இருந்திருக்கலாம். அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையில் நாலு வெள்ளித் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி நகர்த்திக்கொண்டிருந்தாள். கோலப் புள்ளி வைக்கிறாளாக்கும் என்று நினைத்து, காப்பி கேட்டார். “இதோ வர்றனுங்க” என்று எழுந்து போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். சர்க்கரைகூடச் சரியாக இருந்தது.

லைனில் கோளாறு என்றால் மொத்தத்தையும் நிறுத்திவிட்டு ஒவ்வொரு பகுதியாகச் சேர்த்துப் பார்ப்பார்கள், எதைச் சேர்க்கும்போது ஃபியூஸ் அடிக்கிறதோ அங்கேதான் கோளாறு. சென்னியப்பன் அந்த வருஷத்தை அப்படிச் சேர்த்துப் பார்த்தார், எதைச் சேர்த்தாலும் அடித்தது. ரோஸ் மாத்திரையில் உள்ளங்கை கறுத்துத் தோல் உரிந்தபோது அவர் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஆமாங்க, சோப்பாத்தான் இருக்கும், வேற வாங்கிட்டு வாங்க” என்றாள். மூன்று சோப்பு மாற்றினார்கள். மூன்றாவதை முகர்ந்து பார்த்து இது நல்ல வாசமுங்க என்றாள். பச்சைப் பொய்யை ஒருவர் சொல்ல, ஒருத்தி வாங்கி மடித்து வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்தக் கையைக் காரணம் காட்டித்தான், தண்ணியில வைக்க முடியலைங்க, நீங்களே அரிசியைக் கழுவுங்க, ஒண்ணுக்கு ரெண்டு தண்ணி, ரசத்துக்கு உப்பு இப்பப் போடுங்க என்று நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். கேஸ் பதிவு செய்கிற நம்பரை அவர் போனுக்கு மாற்றச் சொன்னாள். பட்டுப்புடவைகளைப் பிரித்து இது கௌசுக்கு, இது கௌசுக்கு என்று ஒதுக்கினாள். இடம் அடைக்குதுங்க என்றாள். ஆஸ்பத்திரியின் முன்வாசலில் புற்றுநோய் என்று பெரிய போர்டு இருந்ததால் ஒவ்வொரு தடவையும் ஆட்டோவைப் பின்வாசலுக்கு விடச் சொன்னார், அங்கேதான் நிழல் என்று. ஒரு தடவை புதிய டிரைவர் முன்வாசலுக்கே போய்விட்டான். போர்டு நேர் எதிரே. பின்பக்கம் விடு, பின்பக்கம் விடு என்று சென்னியப்பன் டிரைவர் தோளைத் தட்டினார். துளசிமணி அந்தப் பக்கம் திரும்பவேயில்லை, கீழே குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள், ஆட்டோ திரும்பிப் பின்பக்கம் போகிற வரைக்கும் சரிசெய்தாள். தப்பித்தோம் என்று அவர் பெருமூச்சு விட்டதை அவள் கேட்டிருப்பாள். அவர் அழ வேண்டியபோதெல்லாம் ஆஸ்பத்திரி பைக் ஸ்டாண்டில் போய் அழுதார், போனில் மகளிடம் அழுதார். அவளுக்கு யார் இருந்தார்கள். எத்தனை மாதம் என்ற கேள்வியை ஒரு மனுஷரிடம் கேட்க வழியில்லாமல் இந்தப் பெட்டியிடம் கேட்டாள். அது முதலில் அனுமதி கேட்டது, கொடுத்தாள். இவர் வந்து கண்டதையும் அமுக்குகிறாய் என்று கத்தினார். தாங்க மாட்டாள் என்றது யாரை. தாங்கினவள் அவள். இவர் தாங்க மாட்டார் என்று தெரிந்துதான் கோலம் என்றாளா? கேட்கலாம் என்றால் ஆள் இல்லை.

மணி பதினொன்று ஐந்து. கௌசல்யா கூப்பிடுவாள். வியாழக்கிழமை வந்ததும் முதல் வேலையாக இதன் முன்னால்தான் உட்காருவாள், அப்பா என்னத்தைக் கெடுத்து வெச்சிருக்கீங்க பாக்கறேன் என்று நேராக இந்தப் பட்டியலைத்தான் திறப்பாள். திறந்தால் படித்துவிடுவாள், எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை அவளுக்கு. சென்னியப்பன் மறுபடி மேலே போனார். கணையத்தை நீக்கினார். நிலை நான்கை நீக்கினார். மூலிகை போனது. எத்தனை மாதம் போனது. ஒவ்வொன்றின் மேலும் அம்புக்குறியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார், இந்த இடத்தில் அவள் விரல் இருந்தது, எந்த மணிக்கோ, அவர் எந்த அறையில் எதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோதோ. வீட்டில் அவளுடைய புடவை இருக்கிறது, படம் இருக்கிறது, மூன்றாவது சோப்புகூட அலமாரியில் பாதி இருக்கிறது. ஆனால் அவள் உண்மையாக என்ன நினைத்தாள் என்பது இந்த இருபத்தாறு வரியில் மட்டும்தான் இருந்தது. அதையும் அவர் கையாலேயே. ஒவ்வொன்றும் போகும்போது நிஜமாகவா என்று கேட்டால்கூடத் தேவலை. கேட்கவில்லை. ஐந்து மிச்சமிருந்தது, மூன்று மிச்சமிருந்தது. கடைசியில் மஞ்சள் மாத்திரை மட்டும் தனியாக நின்றது. இதை வைத்துக்கொண்டால் என்ன, ஒன்றே ஒன்று, எப்போதாவது ‘டிக்’ என்று வரட்டுமே, தொப்பையோ வைரஸோ எதுவோ, அவள் திறந்துவிட்ட வாசல் வழியாகத்தானே வரும். போன் அடித்தது. கௌசல்யா. மூன்று புள்ளியை அழுத்தி அதையும் நீக்கிவிட்டுத்தான் போனை எடுத்தார்.

“ஏனுங்ப்பா, போயிருச்சுங்களா?” “போயிருச்சு கண்ணு.” “என்னென்ன சைட்டு இருந்துச்சு? பாத்தீங்களா?” கோலம் என்றார். சமையல், சீரியல். “உங்கம்மா கண்டதையும் அமுக்கி வெச்சிருந்தா.” கௌசல்யா சிரித்தாள், சிரிப்பு பாதியில் உடைந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “பாவம்ப்பா அம்மா. அப்பா, அந்த வரி இருக்கட்டுங்களா, மாத்தணுமா? எனக்கு அது ஒண்ணுதாம்ப்பா ஆறுதல். கடைசி வரைக்கும் அம்மாவுக்கு எதுவுமே தெரியல. அதை நினைச்சுத்தான் நா தூங்கறேன்.” சென்னியப்பன் வாயைத் திறந்தார். பதினோரு மாதம் துளசிமணி எப்படி வாயைத் திறந்து திறந்து மூடியிருப்பாள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. “இருக்கட்டும் கண்ணு. நல்லாத்தான் இருக்குது.” வைத்துவிட்டு, நாலாவது தடவையாக அடிக்க ஆரம்பித்தார். மறைந்தவர் பெயர், துளசிமணி. வயது, ஐம்பத்தெட்டு. படத்தை ஏற்றினார். நோய் இன்னதென்று என்று தொடங்கியதும் விரல் தானாகவே அறியாமலே என்ற சொல்லுக்குப் போயிற்று, அவர் தடுக்கவில்லை. அம்புக்குறியை வலது மூலைக்குக் கொண்டுபோய்ப் பொத்தானின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் எழும்பவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். மூலை சுத்தமாக இருந்தது. அனுப்பினார். உங்கள் விளம்பரம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று வந்தது.